இருபத்திரண்டாம் எபிசோடுக்கு சப்டைட்டில்

ஒரு வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து.
அதற்குமேல் போனால் ஆடுகிறவர்களின் காலை மறைக்கும்,
குழுவில் ஏசுவார்கள்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில்
செல்போன் கடையை அடைத்துவிட்டு
மாடியில், தகரக் கூரைக்குக் கீழே
மிட்சுமுராவைத் தமிழ் பேச வைக்கிறேன்.
கூலி கிடையாது.

மிட்சுமுரா நாயகன் இல்லை.
நாயகனுக்குக் கண் ஆப்பம் அளவுக்கு,
எதற்கெடுத்தாலும் நிறைந்துவிடும்.
இவனுக்குக் கண் பிளேடால் இழுத்த கோடு.
வால்ட்ஸ் தொடங்கினால் கழுத்து ஒன்று நீளுமே,
அதற்காகவே இரண்டு முறை பார்ப்பேன்.
கேமரா அவன் முகத்துக்கு வருவதே அபூர்வம்.
கறுப்புக் கோட்டு, முதுகில் குத்திய எண்:
நூற்றுப் பதினான்கு.

முதல் எபிசோடில் எதிரி என்று எழுதினேன்.
எதிரி என்றால் கையில் வெட்டுக்கத்தி வேண்டும்.
போட்டியாளர், பஞ்சாயத்து எலெக்‌ஷன்.
பங்காளி என்றால் தக்கலை கோர்ட்டுக்குப் போகணும்.
பிறகு கேரம் ஆடும் பையன்கள் வாயிலிருந்து கிடைத்தது
எதிராளி.
எதிரே ஓர் ஆள்.
ஆள் இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை.

இன்றைக்கு இறுதிச் சுற்று.
அங்கே சரவிளக்கு, இங்கே கரண்ட் இல்லை,
லேப்டாப்பில் ஒன்பது சதவீதம்.
தகரத்தில் மழை ஒன்று இரண்டு மூன்று
ஒன்று இரண்டு
பிறகு கணக்கே இல்லாமல்.

மிட்சுமுராவின் ஜோடிக்கு முட்டு விலகுகிறது.
அவன் கைப்பிடியிலேயே அவளைத் தூக்கிச் சுழற்றி
பாட்டை முடித்திருக்கலாம், ஜட்ஜுக்குத் தெரியாது.
நிற்கிறான்.
மற்ற ஜோடிகள் சுற்றிப் போகிறார்கள்,
ஆற்று நடுவே நட்ட கல்லைத் தண்ணீர் சுற்றுவது போல.
பிறகு நாயகனிடம் நடந்து போய்
காதோரம் ஒரே ஒரு சொல்.

மக்கா.

பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓட்டினேன். மக்கா.
இவன் எப்போது நம்ம ஊர்க்காரன் ஆனான்?
ஹெட்போனைச் செருகிக் கேட்டால், மகெத்த.
தோற்றேன் என்று பொருள்.

ஆறு வருடத்துக்கு முன், நாகர்கோவில்,
டிசம்பர், ஒரு கல்யாண மண்டபம்,
ஜோடி நடனப் போட்டி. பரிசு கிரைண்டர்.
எனக்கு ஜோடி சித்தி மகள் லிஜி.
முட்டத்திலிருந்து வந்திருந்தான் சகாய ஆன்றோ,
மச்சினன் ஷூவில் பேப்பர் திணித்து,
மனைவி செலினோடு.
அவன் நம்பர் பதினேழு, ஒரு பின் கழன்று
திரும்பும்போதெல்லாம் காகிதம் படபடத்தது.
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது விழட்டும் என்று.

கிரைண்டர் எங்களுக்கு.
கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.
கீபோர்டுக்காரன் கையை எடுக்கவே இல்லை.
காதோரம் குனிந்து ஏதோ ஒன்று சொன்னான்,
மூச்சுச் சூடு தெரிந்தது, சொல் தெரியவில்லை.
கயிறு அறுத்த உள்ளங்கை,
நான்தான் உருவிக்கொண்டேன்.
கெட்ட வார்த்தை என்று லிஜியிடம் சொன்னேன்.
பிறகு டீக்கடையில். பிறகு எல்லாரிடமும்.
ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தை கொஞ்சம் மோசமானது.

நான்கு சதவீதம்.
அடித்தேன்:
'தோத்துட்டேன், மக்கா.'
எழுத்து எண்ணினேன், இடம் நிறையவே மிச்சம்.

குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார்,
மக்கா எங்கிருந்து வந்தது, மூலத்தில் இல்லையே.
இன்னும் பதில் போடவில்லை.

போன வாரம் முட்டத்துக்காரர் ஒருவர்
டிஸ்ப்ளே மாற்ற வந்தார்.
ஆன்றோ இப்போது எங்கே என்று கேட்டிருக்கலாம்.
ஸ்க்ரீன் கார்டு ஒட்டணுமா என்று கேட்டேன்.